மூளைக்குள் உறையும் சீனி: லஃபோரா நோயும் ரொறன்ரோவும்

திருச்சிராப்பள்ளிக்கு அருகே இருக்கும் திருவாசியைத் தேவாரம் திருப்பாச்சிலாச்சிராமம் என்று அழைக்கிறது. திருஞானசம்பந்தர் அந்தத் தலத்துக்கு வந்து சேர்ந்தபோது, கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகள் நினைவற்றுக் கோயிலில் கிடந்தாள் என்கிறது பெரியபுராணம். அவளைப் பிடித்த நோயின் பெயர் முயலகன். தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தும் பலிக்காமல், தகப்பன் கடைசியில் மகளைக் கொண்டுவந்து சந்நிதியில் விட்டிருந்தான். சம்பந்தர் பதிகம் பாடினார், அவள் எழுந்தாள். நடராசரின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் குள்ளனுக்கும் முயலகன் என்றுதான் பெயர். வடமொழியில் அவன் அபஸ்மாரன். ஆயுர்வேத நூல்கள் வலிப்புக்கு வழங்கும் பெயரும் அதுவே.

அந்தப் பெண்ணுக்கு வந்தது எந்த வகை வலிப்பு என்று ஆராய்வது வீண்வேலை. அந்தக் கதையில் என் கண்ணில் நிற்பவன் தகப்பன். மருந்துகளை வரிசையாகக் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைசி வாசலில் நிற்கிற ஒரு மனிதன். ரொறன்ரோவின் யூனிவர்சிற்றி அவெனியூவில் அடுத்தடுத்து நிற்கும் வைத்தியசாலைகளின் காத்திருப்பு அறைகளில் அவனை இன்றைக்கும் காணலாம். அந்தத் தெருவிலுள்ள சிறுவர் வைத்தியசாலையில், சிக்கிட்ஸ் என்று எல்லோரும் சொல்கிற இடத்தில், தென்னிந்தியாவிலும் அரிதாக ஆனால் திரும்பத் திரும்பக் காணப்படுகிற ஒரு பரம்பரை வலிப்பு நோயின் மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு லஃபோரா நோய் என்று பெயர். அதன் மருந்துகளின் கதை நூறு வருடங்களுக்கு மேல் நீளமானது. அதில் பெரும்பகுதி, வலிப்பை அடக்கிவிட்டு நோயைத் தொடாமல் விட்ட கதை.

நோய் வருகிற விதம் கொடியது. பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் பிள்ளையில் ஒரு குறையும் இராது. ஓடும், படிக்கும், பாட்டுப் பழகும். பிறகு பதின்ம வயதில் ஒரு நாள் முதல் வலிப்பு வரும். சிலருக்கு அதற்கு முன்னரே கண்ணுக்குள் வெளிச்சங்கள் தோன்றும், கொஞ்ச நேரம் பார்வை மங்கும். கையும் தோளும் திடீரென்று துள்ளும். தேநீர்க் கோப்பை பிடியிலிருந்து தெறித்து விழும். பள்ளிக்கூடத்தில் புள்ளிகள் குறையும், வீட்டில் ஏச்சு விழும். தொடக்கத்தில் வைத்தியர்களும் அதை இளம் வயதில் வழக்கமாக வருகிற, மருந்துக்கு நன்றாக அடங்குகிற வலிப்பு என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். குளிசையும் சில மாதங்கள் கேட்கும். அதன்பின் கேட்காது. துள்ளல் ஓயாது, நினைவு கலையும், நடை தளரும், பேச்சு நிற்கும். முதல் வலிப்பிலிருந்து பெரும்பாலும் பத்து வருடங்களுக்குள் உயிர் போய்விடும். தாய் தகப்பன் இருவரிடமும் நோய் இராது; இருவரும் பழுதுபட்ட மரபணுவின் ஒரு பிரதியைத் தெரியாமல் சுமப்பவர்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று என்ற கணக்கில் நோய் வரலாம்.

இதைத் தனி நோயாக முதலில் கண்டவர் ஸ்பானியரான கொன்சாலோ ரொட்ரிகஸ் லஃபோரா. மத்ரித்தில் 1886இல் பிறந்தவர், நரம்புக் கலத்தின் உருவத்தை உலகுக்குக் காட்டிய சந்தியாகோ றமோன் இ கஹாலின் மாணவர் வட்டத்தில் வளர்ந்தவர், ஜேர்மனியில் அல்ஸ்ஹைமரிடம் பயின்றவர். வாஷிங்டனில் மனநோயாளருக்கான அரசாங்க வைத்தியசாலையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, வலிப்பும் தசைத்துள்ளலும் கண்டு இறந்துபோன ஓர் இளைஞனின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நரம்புக் கலங்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ இருந்தது. அதை 1911இல் எழுதி வெளியிட்டார். பின்னாளில் ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் அவரை நாட்டைவிட்டுத் துரத்தியது. 1938இல் மெக்சிக்கோவுக்குப் போய் ஒன்பது வருடங்கள் அங்கே வாழ்ந்து, 1947இல்தான் திரும்பினார்.

அந்த உருண்டைகளுக்கு லஃபோரா கொடுத்த பெயர் 'அமிலொயிட் துணிக்கைகள்'. அமிலொயிட் என்றால் மாப்பொருள் போன்றது என்று அர்த்தம். அயடீன் பட்டால் சோற்றுக்கஞ்சி நிறம் மாறுவதைப் பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்திருப்போம். அந்த வகைச் சோதனைகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த சொல் அது. காலப்போக்கில் மருத்துவத்தில் அந்தச் சொல் வேறு பக்கம் போய், புரதப் படிவுகளுக்கு உரியதாயிற்று. அதனால் லஃபோரா பிழையான பெயர் வைத்துவிட்டார் என்று தோன்றக்கூடும். ஆனால் 1960களில் அந்த உருண்டைகளைப் பிரித்தெடுத்து இரசாயனம் பார்த்தபோது, அவை பெரும்பாலும் வெறும் குளுக்கோசுச் சங்கிலிகள் என்று தெரிந்தது. சொல்லின் பழைய பொருளில் அவர் சொன்னது முழுக்கச் சரி. மூளைக்குள் மாப்பொருள் போன்ற ஒன்று படிகிறது. நோயின் மூலம் முதல் நாளே பெயரில் எழுதப்பட்டுவிட்டது. படித்துப் பார்க்க ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அந்த நூற்றாண்டில் மருந்துகள் வேறு வழியாக வந்துகொண்டிருந்தன. 1857இல் லண்டனில் சார்ல்ஸ் லொகொக், பெண்களுக்கு வரும் ஒரு வகை வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைட்டு பயன்பட்டதாக ஒரு மருத்துவக் கூட்டத்தில் சொன்னார். அதே 1857இல் பாரிஸில் குளோட் பேர்னார் ஈரலிலிருந்து கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். உடம்பு சீனியைச் சேமித்து வைக்கிற வடிவம் அது. ஒன்று வலிப்புக்கான முதல் உருப்படியான மருந்து. மற்றது இந்த ஒரு வலிப்பு நோயின் கருவிலிருக்கும் பொருள். இரண்டும் ஒரே வருடத்தில் பிறந்து, ஒன்றையொன்று அறியாமல் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன.

1912இல் அல்பிரெட் ஹோப்ற்மன் பீனோபார்பிற்றோனின் குணத்தைக் கண்டார். விடுதிக்கு மேல்மாடியில் தங்கியிருந்த இளம் வைத்தியர் அவர். இரவில் நோயாளிகளின் வலிப்பு அவரை நித்திரை கொள்ள விடவில்லையாம். அவர்களைத் தூங்கவைக்க அந்த மருந்தைக் கொடுத்தபோது வலிப்பே குறைந்தது என்று சொல்வார்கள். யூதக் குடும்பத்தில் பிறந்த அவரும் 1930களின் முடிவில் நாஜிகளின் சிறைமுகாமைக் கண்டு, நாடுவிட்டு அமெரிக்காவில் போய் இறந்தார். 1938இல் பொஸ்ரனில் மெரிற்றும் பற்னமும் பெனிற்றோயினைக் கொண்டுவந்தார்கள். டைலன்ரின் என்ற வணிகப் பெயரில் அதை அறிந்தவர்கள் நம்மில் பலர். எபிலிம் என்று அறியப்படும் வல்புரோயேற், மற்ற மருந்துகளைக் கரைக்க மட்டுமே பயன்பட்ட ஒரு திரவமாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் பியர் எய்மார், அதில் கரைத்துக் கொடுத்த எல்லாமே வலிப்பைத் தடுப்பதைக் கண்டு, கரைத்ததில் ஒன்றுமில்லை, கரைப்பானில்தான் விஷயம் என்று புரிந்துகொண்டார்.

லஃபோரா நோய்ப் பிள்ளைகளுக்கு இவற்றில் பெரிதும் உதவியது வல்புரோயேற். பின்னாளில் லெவெற்றிராசெற்றம், குளோனசிபாம் போன்றவையும், 2012க்குப் பின் பெரம்பனெல் என்ற மருந்தும் சேர்ந்தன. பெரம்பனெல் சிலரில் துள்ளலைக் கண்கூடாகக் குறைத்ததாக அறிக்கைகள் உண்டு. கோப்பையைத் திரும்பவும் கையில் பிடிக்க முடிவது சிறிய விஷயம் அல்ல. ஆனால் பெனிற்றோயின் கதை வேறு. தசைத்துள்ளலோடு கூடிய, நாளுக்கு நாள் முற்றும் வலிப்பு நோய்களில் அது கெடுதல் செய்யலாம் என்று, இதே குடும்பத்தைச் சேர்ந்த பால்ரிக் பகுதி நோய் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 1983இல் எச்சரித்தார்கள். கார்பமசெப்பினும் துள்ளலைக் கூட்டக்கூடும். நம் ஊர்களிலோ மலிவாக, எளிதாகக் கிடைத்த குளிசைகளில் ஒன்று பெனிற்றோயின்தான். பெயர் தெரியாத நோய்க்குக் கையில் இருந்த மருந்தைக் கொடுத்த வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோய்க்குச் சரியான பெயர் தெரிவது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க மூளையைத் துளைக்க வேண்டியிராத ஒரு வழியும் கனடாவிலிருந்துதான் வந்தது. மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில் ஸ்டர்லிங் கார்ப்பெண்டரும் ஜோர்ஜ் கார்ப்பற்றியும் 1981இல், லஃபோராவின் உருண்டைகள் வியர்வைச் சுரப்பியின் குழாய்க் கலங்களிலும் இருக்கின்றன, தோலில் ஒரு சிறு துண்டு எடுத்தால் போதும் என்று காட்டினார்கள். (கார்ப்பற்றி ஹங்கேரியில் யூதப் படுகொலையில் தப்பி, பின்னர் கனடாவுக்கு வந்தவர். இந்த நோயின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அகதிகள் எதிர்ப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.) அக்குளில் ஒரு சிறு வெட்டு, இரண்டு தையல். பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சதீஷ்சந்திரா, எஸ்.கே. சங்கர் முதலியோர் தென்னிந்திய நோயாளிகளைப் பற்றிய ஆய்வொன்றை 1993இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் பத்து இலட்சம் பேரில் நால்வர் அளவுக்கே வருவதாக மதிப்பிடப்படும் ஒரு நோய், ஸ்பெயின், இத்தாலி, வட ஆபிரிக்கா போன்ற மத்தியதரைப் பகுதிகளில் திரள்வது போலவே தென்னிந்தியாவிலும் திரள்கிறது என்பது அந்த ஆய்வுகளிலிருந்து துலங்கியது.

ஏன் என்று கேட்டால் விடை நம் கலியாண வீடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தாய்மாமனை மணப்பது வழக்கம். யாழ்ப்பாணத்தில் தாய்மாமன் உறவில் கலியாணம் இல்லை. ஆனால் மச்சானும் மச்சாளும் முடிப்பது உரிமையாகவே கருதப்பட்டது. ஒன்றுவிட்ட சகோதர உறவுள்ளவர்கள் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். மாமனும் மருமகளும் என்றால் நாலில் ஒரு பங்கு. பாட்டனிடமிருந்த ஒரேயொரு பழுது, இரண்டு வழியாக இறங்கி ஒரு பிள்ளையில் சந்திக்கிறது. மிகப் பெரும்பாலான உறவுக் கலியாணங்களில் ஆரோக்கியமான பிள்ளைகளே பிறக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காணி பிரியாது, பெண் தெரிந்த வீட்டுக்குப் போகிறாள், வயதான காலத்தில் மாமியும் அத்தையும் ஒருவரே என்று அந்த வழக்கத்துக்கு அதன் நியாயங்கள் இருந்தன. அதை அறியாமை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிற மேற்கத்திய எழுத்து எனக்கு உவப்பானதல்ல.

அதைவிட, அந்தக் குடும்பங்கள் இல்லாமல் இந்த நோயின் மரபணு அவ்வளவு விரைவில் அகப்பட்டிராது. நெருங்கிய உறவில் பிறந்த நோயாளியில், பழுதான மரபணுவைச் சுற்றியுள்ள பகுதி தாய்வழியாகவும் தகப்பன்வழியாகவும் ஒரே மாதிரி இருக்கும். அப்படி இரட்டையாக ஒத்திருக்கும் பகுதியைத் தேடினால் நோயின் இடத்தைச் சுருக்கிப் பிடிக்கலாம் என்று லாண்டரும் பொற்ஸ்ரீனும் 1987இல் காட்டியிருந்தார்கள். இந்த வழியில் 1990களின் நடுவில் லஃபோரா நோய் ஆறாவது நிறமூர்த்தத்தில் ஓரிடத்துக்குள் அடைக்கப்பட்டது. எந்த உறவுமுறை நோயைக் கொண்டுவந்ததோ அதே உறவுமுறைதான் அதன் முகவரியையும் காட்டியது.

1998இல் சிக்கிட்ஸில் பேர்ஜ் மினாசியன், ஸ்டீவன் ஷெரர் ஆகியோரின் குழு, வேறு நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, அந்த மரபணுவை நேச்சர் ஜெனற்றிக்ஸ் இதழில் அறிவித்தது. அது உருவாக்கும் புரதத்துக்கு லஃபோராவின் நினைவாக லஃபோரின் என்று பெயர். ஆனால் எல்லாக் குடும்பங்களிலும் அது பழுதாக இல்லை. இன்னொன்று இருக்க வேண்டும் என்று தெரிந்தது. 2003இல் அதே ஆய்வுகூடம் இரண்டாவது மரபணுவையும் கண்டது. அதன் புரதத்துக்கு, வலிப்பைக் குறிக்கும் 'மால்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து மாலின் என்று பெயரிட்டார்கள். இடையில் 2002இல், அப்போது ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தில் இருந்து பின்னர் கான்பூர் ஐ.ஐ.ரி.க்குப் போன சுப்பிரமணியம் கணேஷும் சக ஆய்வாளர்களும் லஃபோரின் இல்லாத சுண்டெலியை உருவாக்கினார்கள். அந்தச் சுண்டெலிக்கும் அதே உருண்டைகள் வந்தன, அதே துள்ளல் வந்தது. இனி ஒரு மருந்தைப் பரிசோதித்துப் பார்க்க ஓர் உயிர் கிடைத்தது.

ஓர் உபகதை. பிரித்தானியாவில் கம்பிமயிர் கொண்ட குட்டை டாக்ஸ்ஹுண்ட் நாய்களுக்கு நடுத்தர வயதில் ஒரு விசித்திரமான துள்ளல் வரும். வெளிச்சம் பளிச்சிட்டாலோ முகத்துக்கு அருகே பந்து பறந்தாலோ நாய் உதறி விழும். 2005இல் மினாசியனின் குழு, அப்போது ரொறன்ரோவில் இருந்த பின்லாந்துக்காரர் ஹன்னஸ் லோஹியின் தலைமையில், அது லஃபோரா நோய்தான், மாலின் மரபணுவில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்பப் பெருகியதால் வருவது என்று சயன்ஸ் இதழில் காட்டியது. நாய் வளர்ப்போர் சங்கங்கள் உடனே பரிசோதனையைக் கையில் எடுத்தன. எந்த நாய் சுமக்கிறது, எது சுமக்கவில்லை என்று அறிந்து சோடி சேர்க்கத் தொடங்கியதும், ஆபத்தான சோடிகள் சில வருடங்களிலேயே கணிசமாகக் குறைந்தன. நாயின் வம்சாவளியில் உள்ள பழுதைச் சொல்ல எசமான்கள் வெட்கப்படவில்லை. இதற்குப் பிறகு வருவேன்.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதைச் சமையலறையிலிருந்தே சொல்லலாம். கிளைக்கோஜன் ஒரு பூச்செண்டு போல, நெருக்கமாகக் கிளைவிட்ட சீனி உருண்டை. கிளைகள் குறுகியவை என்பதால் அது தண்ணீரில் கரைந்தே இருக்கும். கிளை குறைந்து சங்கிலி நீண்டால் அது சோற்றின் மாப்பொருள் மாதிரி ஆகிவிடும். வடித்த கஞ்சி ஆறியதும் தடித்து உறைவதற்குக் காரணம், நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளுவதுதான். லஃபோரினும் மாலினும் இல்லாத மூளையில் கிளைக்கோஜன் இப்படி மெல்ல மெல்ல உறைகிறது. உறைந்ததை உடைக்க நொதிகளால் முடிவதில்லை. வருடக்கணக்கில் சேர்ந்து நரம்புக் கலத்தை அடைக்கிறது.

இது தெளிய ஒரு சுற்றுவழி போக வேண்டியிருந்தது. கிளைக்கோஜனில் ஒட்டும் பொஸ்பேற்றை அகற்றுவதே லஃபோரினின் வேலை, பொஸ்பேற்று கூடுவதால்தான் உறைகிறது என்று 2006க்குப் பின் பலரும் நம்பினார்கள். அழகான விளக்கம். பொஸ்பேற்றை அகற்ற முடியாத லஃபோரினைச் சுண்டெலியில் வைத்தபோது உறைதல் நிகழவில்லை என்று பின்னர் தெரிந்ததும் அந்த அழகு போயிற்று. சங்கிலியின் நீளமே குற்றவாளி என்று 2017இல் மினாசியனின் குழு எழுதியது. ஆனால் மருந்துக்கான வழி அதற்கு முன்னரே திறந்துவிட்டது. ஏன் உறைகிறது என்பது முழுதாகத் தெரியாவிட்டாலும், உறைகிற பொருளையே குறைவாக உண்டாக்கினால் என்ன? 2011இல் ரொறன்ரோவில் ஜூலி ரேர்ன்புல், மினாசியன் முதலியோர், கிளைக்கோஜன் ஆக்கத்தைத் தூண்டும் ஒரு புரதம் இல்லாதபடி லஃபோரா சுண்டெலிகளை உருவாக்கினார்கள். உருண்டைகள் ஏறத்தாழ மறைந்தன, துள்ளல் நின்றது. நூறு வருடங்களில் முதல் தடவையாக, வலிப்பு அல்லாமல் நோய் நின்றது. சுண்டெலியில்தான், ஆனாலும் நின்றது.

சீனியைப் பற்றிப் பேசும்போது ரொறன்ரோவின் பழைய கதை ஒன்றையும் விட முடியாது. 1922 தையில், ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. இன்றைக்கு ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டின் அலுமாரியைத் திறந்தாலும் அம்மாவின் அல்லது அப்பாவின் மெற்போமின் போத்தல் இருக்கும். அந்த மெற்போமினுக்கே 2016இல் ஐரோப்பாவில் லஃபோரா நோய்க்கான அரிய மருந்து என்ற தகுதி வழங்கப்பட்டது. ஸ்பெயினின் ஆய்வாளர்கள் அதைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது உருண்டைகள் குறைந்ததைக் கண்டிருந்தார்கள். மனிதரில் அது நோயை நிறுத்துவதில்லை. போக்கை ஓரளவு மந்தமாக்கலாம் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படுகிறது. அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே குளிசையை எடுக்கிற வீடு ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன்.

வேரைத் தொடும் மருந்து இன்னொரு வகை. கிளைக்கோஜனைக் கட்டும் நொதியை ஆக்கும்படி மரபணு அனுப்புகிற செய்தியை நடுவழியில் மறித்து அழிக்கிற, செயற்கையாகக் கோத்த ஒரு சிறு இழை. அன்ரிசென்ஸ் என்பார்கள். இந்த வகையில் புகழ்பெற்றது முதுகுத் தண்டுத் தசைநலிவு நோய்க்கான நுசினர்சென். குளிசை அல்ல, முள்ளந்தண்டில் ஊசியாக ஏற்ற வேண்டும். கனடா 2017இல் அதை அனுமதித்தபோது ஓர் ஊசியின் பட்டியல் விலை 118,000 டொலர். முதல் வருடத்தில் ஆறு ஊசிகள். லஃபோரா சுண்டெலிகளில் இதே வழியை முயன்ற ஆய்வு 2021இல் பிரெயின் இதழில் வந்தது. உருண்டைகள் தோன்றுமுன் கொடுத்த குட்டிகளில் அவை உருவாகவேயில்லை. ஏற்கெனவே தோன்றிய பிறகு கொடுத்தவற்றில் மேலும் சேர்வது நின்றது. நின்றது, அவ்வளவுதான்; இருந்தது கரையவில்லை. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்திருங்கள்.

அதற்குள் மினாசியன் ரொறன்ரோவை விட்டு ரெக்சாசுக்குப் போயிருந்தார். மனிதரில் இந்த மருந்தைப் பரிசோதிக்கும் முதல் முயற்சியும், ஒரு சில நோயாளிகளோடு, டாலஸில்தான் தொடங்கியது. விஞ்ஞானிகள் இடம் மாறுவது இயல்பு. ஆனாலும் அமெரிக்கா 1983இலேயே அரிய நோய் மருந்துகளுக்குச் சட்டம் இயற்றி, கம்பனிகளுக்கு வரிச்சலுகையும் தனியுரிமைக் காலமும் கொடுத்தது. கனடா இன்றுவரை அப்படியொரு சட்டத்தை இயற்றவில்லை. 2023 பங்குனியில் ஒட்டாவா, மூன்று வருடங்களுக்கு 1.5 பில்லியன் டொலர் வரை ஒதுக்கி அரிய நோய் மருந்துகளுக்கான தேசியத் திட்டத்தை அறிவித்தது. பெரும்பகுதி மாகாணங்களுக்குப் போகிற பணம். ஏற்கெனவே இருக்கிற மருந்துகளை வாங்குவதற்கு உதவும். இன்னும் பிறக்காத மருந்துக்கு நோயாளிகளைத் திரட்டுவது வேறு வேலை. பத்துப் பேரைச் சேர்ப்பதற்கே உலகம் முழுவதும் தேட வேண்டிய நோயில், எந்தக் குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்று தெரிந்திருப்பதுதான் முதல் மூலதனம்.

நாய்க் கதைக்கு இங்கேதான் திரும்ப வேண்டியிருக்கிறது. நம்மவர் வலிப்பைச் சொல்வதில்லை. வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிப்பதை ஊரில் பார்த்திருப்பீர்கள். சாவிக்கு நோயைத் தீர்க்கும் சக்தி கிடையாது. ஆனால் அந்தக் காட்சி பொதுவிடத்தில் நடந்துவிட்டால், தங்கைக்குக் கலியாணம் பேசுவது கடினம். இந்தியாவில் இது வெறும் ஊர்வாயாக இருக்கவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரைச் சித்தம் கலங்கியவரோடு ஒரே வரியில் நிறுத்தி, திருமணத்துக்குத் தகுதியற்றவராக்கியது. வலிப்பு என்ற சொல் அந்த வரியிலிருந்து 1999இல்தான் நீக்கப்பட்டது. இருபத்து மூன்று வருடங்கள். சட்டத்தில் இருந்து போன சொல் மனதிலிருந்து போக எத்தனை வருடங்களோ.

கடல் கடந்து வந்தும் அந்த மௌனம் கூட வந்தது. மூத்த பிள்ளை 'சுகமில்லாமல்' இறந்துபோனது என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிற குடும்பக் கதைகள் நம்மிடையே உண்டு. என்ன சுகமின்மை என்று இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. வைத்தியர் குடும்பத்து நோய் விபரம் கேட்கும்போது, சீனி, பிறஷர் என்று இரண்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். மச்சான் மச்சாளைக் கட்டுவது இங்கே அருகிவிட்டது உண்மைதான். ஆனால் சம்பந்தம் பேசும்போது ஊரைக் கேட்பதும், பகுதியைக் கேட்பதும் இன்னும் அருகவில்லை. ஒரு சிறிய ஊருக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்த இருவர், உறவென்று தெரியாமலே ஒரே பாட்டனின் பழுதைச் சுமக்கலாம்.

முன்னர் இந்த மௌனத்துக்கு ஒரு நியாயம் சொல்லலாம். தெரிந்து என்ன செய்வது? மருந்து இல்லாத நோயின் பெயரை எதற்கு அறிய வேண்டும்? ஆரோக்கியமாக இருக்கிற பிள்ளையில், முதிர்ந்து தானே முடிவெடுக்கும் வரை, வைத்தியமில்லாத நோய்க்கு மரபணுப் பரிசோதனை செய்ய வைத்தியர்களும் பொதுவாக ஒப்புவதில்லை. ஆனால் சுண்டெலிகள் சொன்னது வேறு. உருண்டை சேருமுன் கொடுத்தால் நோய் வராமலே போகலாம். சேர்ந்தபின் கொடுத்தால் இருக்கிற இடத்தில் நிற்கும். மனிதரிலும் அப்படியே என்றால், இந்த மருந்தால் மிகுந்த பயன் பெறப்போவது படுக்கையில் கிடக்கும் அக்கா அல்ல. அவளைப் பார்க்க அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிற, இன்னும் ஒன்றும் ஆகாத தம்பிதான். மூத்தவளுக்கு என்ன நோய் என்று யாரும் சொல்லியிராவிட்டால் அவனை எவரும் பரிசோதிக்கப்போவதில்லை.

கனடா 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. காப்புறுதிக் கம்பனியோ வேலை கொடுப்பவரோ ஒருவரின் மரபணுப் பரிசோதனை முடிவைக் கேட்டு வற்புறுத்துவது குற்றம். 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கலியாணப் பேச்சுக்கு அந்தச் சட்டம் செல்லாது. அங்கே கேட்பவர் மாமி, சொல்ல வேண்டியவர் இன்னொரு மாமி. திருவாசியில் கொல்லி மழவன் செய்ததில் ஒன்றை இப்போதுதான் கவனிக்கிறேன்: அவன் மகளை அரண்மனையின் உள்ளறையில் ஒளிக்கவில்லை. எல்லோரும் வந்து போகிற கோயிலில், எல்லோருடைய கண்ணிலும் படும்படி கிடத்தியிருந்தான்.